நிரையின் மறுமுனையில் பாக்கியக்கா

அன்றைக்குக் காலையில் வழக்கம்போல இரண்டு டம்ளரில் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வாசலில் நின்றேன். ஒன்று எனக்கு, ஒன்று பாக்கியக்காவுக்கு. பனிக்குள் ஒரு ஆள் மட்டும் ஏறி வருவது தெரிந்தது. அக்காவின் மகள் செல்வி. அம்மாவின் கையைப் பிடிக்காமல் அவள் அந்தப் பாதையில் வந்து நான் பார்த்ததில்லை. "சின்னம்மா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள்.

நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற இளவட்டங்களுக்கு அக்காவை மறதிக்காரக் கிழவியாகத்தான் தெரியும். அது எனக்குப் பொறுக்கவில்லை. அஞ்சாவது வரை படித்த நான் எழுத உட்கார்ந்தது அதற்குத்தான்.

நான் கீழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்த முதல் மழைக்காலம். ஆளுக்கொரு நிரை செடி பிரித்து விடுவார்கள். எல்லோரும் தங்கள் வரிசையைப் பறித்து முடித்துக் கொழுந்து நிறுக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் என் நிரையில் பாதிகூடத் தாண்டாமல் அழுதுகொண்டு நின்றேன். மறுமுனையில் செடி அசைந்தது. காட்டெருமை என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் பாக்கியக்கா, அந்தக் கடைசியிலிருந்து என்னைப் பார்த்துப் பறித்துக்கொண்டே வருகிறார்!

"ஏன் புள்ள அழுவுற? மூஞ்சியத் தொடை, கால்ல இருக்க அட்டை சிரிக்குது. நீ அங்கேருந்து வா, நான் இங்கேருந்து வாறேன். நடுவுல பாத்துக்குவம்."

பறித்ததை எல்லாம் என் கூடையில் கொட்டிவிட்டுப் போனார். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது; அங்கே தோட்டத்தில் அவர் அம்மா அப்படித்தான் செய்வாராம். பின்தங்கின யாருக்கும் அக்கா மறுமுனையிலிருந்துதான் வருவார். பின்னால் நின்று ஏவ மாட்டார்.

அவர் பக்கத்தில் போனாலே நீலகிரித் தைலம் மணக்கும். தலைவலிக்குத் தைலம், கிறுகிறுப்புக்குத் தைலம். டிஸ்பென்சரியில் பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். "நோவே இல்லாதவளுக்கு எதுக்குடி மாத்திரை?" என்பார். நாங்களும் தலையாட்டினோம். இந்த மலையில் காய்ச்சுகிற தைலத்துக்கு அடங்காத தலைவலியும் உண்டா என்ற நினைப்பு எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

பிறகு ஒரு நாள் அவர் கூடை முழுக்கக் கொழுந்துக்குப் பதிலாக முற்றின இலை. கங்காணி கத்தினார். "பனி கண்ண மறைச்சிருச்சுங்கய்யா" என்றார் அக்கா. அன்றைக்குப் பனியே இல்லை.

வேலையை விட்டு நின்ற பிறகு, ஃபேக்டரிச் சங்கு ஊதினால் போதும், கொழுந்து பறிக்கிறபோது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுப் பக்கம் கிளம்பிவிடுவார். அங்கே ஆனை நடமாட்டம். செல்வி பயந்துபோய் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் அந்த வழியே போகும்போது உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம். "கங்காணி ஐயா, நான் வந்துட்டேங்கய்யா, எனக்கும் பேரு போடுங்க."

என் மகள் வயிற்றுப் பேத்தி குன்னூரில் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட முதல் ஆள் அவள்தான், இதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. அவளைக் கூட்டி வந்து அக்காவைக் காட்டினேன். பெரிய டாக்டரிடமும் கொண்டுபோனோம். "அம்மிச்சி, வருசக்கணக்கா பிரஷர் ஏறியே இருந்தா மூளைக்குப் போற சின்ன ரத்தக்குழாயெல்லாம் கெட்டுப்போகுமுங்க. நெனப்பு தவறும். இது கிறுக்கு இல்லீங்க. போனதத் திருப்பிக் கொண்டார முடியாது. இருக்கறதயாவது காப்பாத்தலாம், தெனமும் மாத்திரை போடோணும்" என்றாள்.

வீட்டைப் பூட்ட வேண்டாம் என்று சொல்ல அன்று மாலையே செல்வியிடம் போனேன். "ஆனை வந்தா யாரு சின்னம்மா பதில் சொல்றது?" என்று சண்டைக்கு வந்தாள். "சங்கு ஊதறப்ப கூட்டியாந்து எங்கூட்ல உடு. நீ வேலை முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போ. அவிய வேலைக்குத்தான போகோணுங்கறாங்க, போகட்டும் கண்ணு. பூட்டாத" என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலிக்குள் கொஞ்சம் தேயிலை உண்டு. அங்கேதான் எங்கள் இரண்டு பேர் வேலைக்காடு. முதலில் மாத்திரை, அப்புறம் தேத்தண்ணி. "வந்துட்டாங்கப்பா அஞ்சாங்கிளாசு டாக்டரம்மா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவார். என் பேர் மறந்த நாளிலும் அந்தக் கேலி மறக்கவில்லை.

போன மழையில் ஒரு நாள் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நிரைக்குள் நகர முடியாமல் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் மறுமுனையிலிருந்து அக்கா வருகிறார். வந்து, கையிலிருந்ததை என் கூடையில் போட்டார். எல்லாம் முற்றின இலை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க எந்த லயம்?" என்று கேட்டார்.

நான் யாரென்று தெரியாமலேதான் வந்திருக்கிறார். பின்தங்கி ஒருத்தி நிற்கிறாள், அவ்வளவுதான் அவருக்கு.

இப்போது செல்விக்கும் பிரஷர் என்று சொல்லியிருக்கிறார்கள். "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே சின்னம்மா" என்கிறாள், அச்சு அசல் அவள் அம்மா குரலில். அக்கா எனக்கு விட்டுப்போனது என்ன என்று கேட்பவர்கள் காலையில் எங்கள் பாதையை வந்து பாருங்கள். சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே மாத்திரையும் ஒரு டம்ளர் தேத்தண்ணியுமாக நான் மேலேயிருந்து இறங்குகிறேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு செல்வி கீழேயிருந்து ஏறி வருகிறாள்.

நடுவில் பார்த்துக்கொள்கிறோம்.