மூக்கக்கா வீட்டு வாசம்

ஊரில் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. அதை வைத்துப் பிழைக்கிறாள், அவ்வளவுதான். புயல் அடித்து ஓய்ந்து, தண்ணீர் வடிந்து, சனங்கள் தரையைக் கழுவித் தள்ளிவிட்டு அப்பாடா என்று உட்காரும்போதுதான் அவளுடைய வேலை ஆரம்பமாகும். சுவருக்குள்ளே, பலகைக்குப் பின்னாலே, பீரோவின் முதுகிலே பூசணம் பூத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாள். சொல்வதோடு சரி. கழுவ மாட்டாள், வெள்ளையடிக்க மாட்டாள், இன்ன ஆளைக் கூப்பிடுங்கள் என்று கைகாட்டவும் மாட்டாள்.

முன்பு அவளும் பூசணம் கழுவுகிற ஒரு கம்பெனியில்தான் இருந்தாள். அங்கே நல்ல சுவரையும் கெட்டுப்போன சுவர் என்று சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால்தானே கழுவ வேலை வரும். அவளுக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டு வந்து, ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்றும் பழைய வேன் ஒன்றும் வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினாள்.

தனியாக என்றால் நிஜமாகவே தனியாக. அவளுடைய வேன் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டில் ஏதோ கோளாறு என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால், "வேனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு வாங்கக்கா, கோச்சுக்காதீங்க" என்பார்கள். அவளும் தெருக்கோடியில் நிறுத்திவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். பார்த்து முடித்ததும் வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். இன்னொரு நாள் சும்மா வந்துட்டுப் போங்க என்று யாரும் சொன்னதில்லை.

டார்ச், மீட்டர் எல்லாம் பிறகுதான். முதலில் வாசற்படியில் நின்று கண்ணை மூடி ஒரு மூச்சு. அந்த முதல் மூச்சில் தெரிவதுதான் தெரிவது. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் மூக்கு அந்த வீட்டு ஆளாகிவிடும். அதற்கப்புறம் எதையும் காட்டிக்கொடுக்காது. அடுத்து அறை அறையாகப் போய், "இங்க யாரு படுக்குறது?" என்று கேட்பாள். யாரும் இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கட்டிலைத்தான் முதலில் புரட்டுவாள். ஆள் புழங்காத இடத்தில் பூசணத்துக்குக் கொண்டாட்டம்.

அந்த வருட மழை முடிந்ததும் அவளுக்கு இருமல் வந்தது. பகலில் வெளியே அலையும்போது சுகமாக இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், "அப்ப வீட்டுலதான் இருக்கு" என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருப்பாள். மீட்டரை எடுத்துச் சொந்தச் சுவர்கள் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் காய்ந்துதான் இருந்தன.

புயல் எட்டாத ஒரு நகரத்துக்குக் குடிபோய்விட்ட தங்கை போனில் கேட்டாள்.

"என்னக்கா, இந்த இருமு இருமுற? வீட்டைப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்டி. ஒண்ணும் காட்டல."

"மோந்து பாத்தியா?"

"என் வீட்டை நான் எப்படிடி மோந்து பாக்குறது?"

"ஊரான் வீட்டுக்கெல்லாம் மூக்கை நீட்டுற, உன் வீட்டுக்கு மட்டும் முடியலயா?" தங்கை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாரையாவது கூப்பிட்டுக் காட்டுக்கா" என்றாள்.

யாரைக் கூப்பிடுவது? ஒரு நாள் முழுக்க வெளியில் சுற்றிவிட்டு வந்து, தன் வாசலிலேயே வேற்றாள் மாதிரி நின்று மூச்சிழுத்துப் பார்த்தாள். வீடு வீடு மாதிரிதான் இருந்தது. வேற்று மூக்கு ஒன்று வேண்டும். தெருத் தெருவாக மனசுக்குள் நடந்து பார்த்தாள். எல்லா வீட்டுப் பீரோவின் முதுகும் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுப் படியை மிதித்தவர் என்று ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

மிச்சமிருந்தவர் பக்கத்து வீட்டு மெக்கானிக். படகு எஞ்சின் பழுது பார்த்தவர். மனைவி போன பின் அவரும் ஒற்றை ஆள்தான். வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கலாம் என்றிருந்தார். வாங்க வந்தவர் மூக்கக்காவைக் கூட்டி வந்து பார்க்கச் சொன்னார். சமையலறைச் சுவருக்குள்ளே கறுப்பாய்ப் பூத்துக் கிடந்தது. இருந்ததை இருந்தபடி எழுதிக் கொடுத்தாள். வந்தவர் வந்த வழியே போய்விட்டார். அன்றிலிருந்து மெக்கானிக் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டு தடவை அவர் வீட்டு கேட் வரை போய்த் திரும்பிவிட்டாள். மூன்றாம் தடவை இருமலே அவளைக் காட்டிக்கொடுத்தது.

"யாரு?" என்று வெளியே வந்தார்.

"நாந்தாண்ணே. ஒரு உதவி. எங்க வீட்டு வாசல்ல நின்னு ஒரே ஒரு மூச்சு இழுத்துட்டு, என்ன வாசம் வருதுன்னு சொல்லணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வீட்டுக்கே வந்துடுச்சா?"

"அதான் தெரியல."

"நல்லா வேணும்" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

வாசலில் நின்று, அவள் செய்வதைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு நையாண்டியாக மூச்சிழுத்தார். நையாண்டி பாதியிலேயே நின்றுவிட்டது. "இருக்கும்மா. நனைஞ்ச சாக்கு மாதிரி அடிக்குது." உள்ளே வந்து வலப்பக்க அறைக் கதவைத் திறந்தார். "இங்கதான். இங்க யாரு படுக்குறது?"

"என் தங்கச்சி."

"எங்க அவ?"

"வருவா. லீவு கிடைச்சா வரேன்னு சொல்லியிருக்கா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாரா வாரம் அந்தக் கட்டிலில் விரிப்பை மாற்றி, சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகி, தலையணையைத் தட்டி வைத்துவிட்டு வருவாள். மீட்டரைச் சுவரில் வைத்தாளே தவிர மெத்தையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது ஆள் படுக்காத கட்டில் இல்லை. தங்கச்சி கட்டில்.

இருவருமாக ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் புரட்டினார்கள். மெத்தையின் அடிப்பக்கம் முழுக்கப் பச்சையும் சாம்பலுமாய் ரோமம் மாதிரி படர்ந்திருந்தது. மேல்பக்கத்தில் வெள்ளை விரிப்பு அலுங்காமல் இருந்தது.

"எழுதிக் குடுக்கட்டுமா?" என்றார் மெக்கானிக். "வாங்க வர்றவங்ககிட்ட காட்டலாம்."

அவளுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மெத்தையைத் தெருவுக்குத் தூக்கிப் போனார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. வேன் வாசலிலேயே நின்றிருந்தது; அதைத் தள்ளி நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு அவர் கிளம்பினார். கேட் பக்கம் நின்று, எங்கோ பார்த்தபடி சொன்னார்: "நானே அந்தச் சுவரை இடிச்சுட்டுப் புதுசா கட்டிட்டேன். போயிடுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல. அங்கேயே கிடக்குறவனுக்கு என்ன தெரியும்? ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லேன்."

அவள் பையை எடுக்கவில்லை. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே போய் அவர் வீட்டுப் படியில் நின்று கண்ணை மூடினாள். சிமெண்ட் வாசம். எஞ்சின் எண்ணெய். துவைத்து உள்ளேயே உலர்த்திய ஒற்றைச் சட்டையின் சோப்பு வாசம். வேறொன்றுமில்லை. சமையலறைக்குப் போனாள், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், அலமாரியின் பின்புறம் எட்டிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

ஏதாவது ஒரு மூலையில் துளியூண்டு இருந்திருக்கக் கூடாதா என்று இந்த வேலைக்கு வந்த பிறகு முதல்முறையாக நினைத்தாள். இருந்திருந்தால் அடுத்த வாரம் வந்து மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லலாம்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லண்ணே. நல்லாயிடுச்சு. இனிமே யாருக்கு வேணும்னாலும் விக்கலாம்."

"அப்படியா" என்றார். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. "சரி, அப்ப."

"சரிண்ணே."

இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் புதுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிமெண்ட் வாசமோ எண்ணெய் வாசமோ இப்போது அவளுக்குத் தெரியவில்லை. மூக்கு அதற்குள் அந்த வீட்டு ஆளாகிவிட்டிருந்தது. அவள்தான் கிளம்ப வேண்டியிருந்தது.