தங்கச்சிக்கு ஒரு துப்பாக்கி

என் தங்கச்சிக்குத் துப்பாக்கி வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் தெருவில் கிளம்பிய முதல் கேள்வி, யாரைச் சுடப் போகிறாள் என்பதுதான். கம்பெனி முதலாளியையா, மேஸ்திரியையா என்று டீக்கடையில் பந்தயம் கட்டாத குறை. போட்டிக்கு என்று நான் சொன்னேன். அதற்கும் ஒருவர் பதில் வைத்திருந்தார்.

“ஒத்தக்கால்ல நின்னு தவம் பண்றதுதான பாக்கி. அதையும் பண்ணட்டும்.”

அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. ஆமத்தூர் பக்கம் ஒரு பயராபீசில் போனது. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அடுத்த அறையில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைக்கவில்லை. இவள் மேல் சுவர் விழுந்தது. நான் அப்போது ராய்ச்சூர் பக்கம் நெல் அறுக்கிற வண்டியோடு சுற்றிக்கொண்டிருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது காலை எடுத்து முடித்திருந்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. ஊருக்கு வந்தால் எங்கள் அப்பா எப்போது வந்தாய் என்று கேட்க மாட்டார், எப்போது போகிறாய் என்பார். அவரை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். மருந்து கலக்குகிற அறையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. மகளுக்குக் கால் போன பிறகு அதைச் சொல்லியே தெருவில் அவரைக் குத்தினார்கள்.

காயம் ஆறியதும் தங்கச்சி வீட்டிலிருந்தபடியே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்ட ஆரம்பித்தாள். காகிதமும் பசையும் கம்பெனி வேனில் வரும். உருட்டிய குழாய் அதே வேனில் போகும். காலை வாங்கிக்கொண்ட அதே கம்பெனிதான். வேறு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை.

துப்பாக்கி அவள் வாழ்க்கையில் வந்தது செயற்கைக் கால் கொடுத்த முகாமில். கால் மாட்டக் காத்திருந்தவர்களை விருதுநகர் ரைபிள் கிளப் பயிற்சியாளர் ஒருவர் வரிசையாகக் கூப்பிட்டுச் சுட வைத்தார். ஆள் பிடிக்க வந்தவர். இவள் சுட்ட அட்டையை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பஸ் ஏறிப் போவாள். ஒரு துப்பாக்கிக்கு நாலைந்து பேர் காத்திருப்பார்கள். அவள் முறை வரும்போது நின்று நின்று கால் வலித்துப் போயிருக்கும். சொந்தத் துப்பாக்கி இல்லாமல் முன்னேற முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநிலத் தேர்வுப் போட்டி வைகாசியில் இருந்தது. அதில் கேட்கிற புள்ளியை எடுத்தால் சென்னையில் விடுதி, சாப்பாடு, பயிற்சி. பதக்கம், நாடு என்றெல்லாம் பயிற்சியாளர்தான் பேசினார். அவள் பேசியது வேறு.

“பசை நாத்தம் இல்லாத ஒரு எடத்துல தூங்கணும்ணே. அம்புட்டுதான்.”

இழப்பீட்டுப் பணம் அவள் பேரில் வங்கியில் கிடந்தது. கல்யாணத்துக்கு என்று அய்யா அதைத் தொடவிடவில்லை. ஒரு காலோடு இருக்கிறவளைக் கட்ட எவனும் வரமாட்டான் என்று அவரிடம் அவளே சொன்னாள். சோறு தின்றுகொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் வங்கிக்கு வந்து பக்கத்தில் நின்றார்.

துப்பாக்கியைப் பார்த்து எடுக்கிற வேலை என்னிடம் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு ரைபிள் கிளப்பில் கொஞ்ச காலம் கூட்டிப் பெருக்கி, குறி அட்டை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். சுடத் தெரியாது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் எதை வாங்கி ஏமாறுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேகத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். குண்டு எவ்வளவு வேகமாகப் போகும் என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பத்து மீட்டரில் இருக்கிற காகிதத்தைத் துளைக்க அந்த வேகம் எதற்கும் உதவாது. விசை மெதுவாக இழுபட வேண்டும். எடை தோளுக்கும் காலுக்கும் தாங்க வேண்டும். இழுத்த பிறகும் துப்பாக்கி நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

முதலில் சிவகாசியில் ஒரு பெரிய வீட்டுக்குப் போனோம். அச்சாபீஸ் நடத்துகிற குடும்பம். அவர்கள் பையன் சுட்டுச் சலித்துப்போன வெளிநாட்டுத் துப்பாக்கி விற்பனைக்கு இருக்கிறது என்று பயிற்சியாளர் அனுப்பியிருந்தார். கார் நிற்கிற கொட்டகையில் எங்களை உட்காரச் சொன்னார்கள். வெகுநேரம் கழித்துப் பையன் பெட்டியோடு வந்தான். திறந்ததும் தங்கச்சி இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள். அப்படி ஒரு பொருள். காற்று அடைக்கிற உருளைக்கு ஆயுள் முடிந்துவிட்டது, போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், புது உருளை தனியாக வாங்க வேண்டும் என்று அவனே ஒளிக்காமல் சொன்னான். நல்ல பையன்தான். அவள் எடுத்துத் தோளில் வைத்தாள். ஆறடி ஆளுக்கு அளவெடுத்த கனம். இடது கால் ஆடியது. வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குமா இந்த வம்பு? ஒக்காந்து செய்ற வேலை எம்புட்டோ இருக்கு. நம்ம பைண்டிங்ல வேணா ஒக்காந்துக்கயேன்.”

அன்பாகத்தான் சொன்னார். மோரும் கொடுத்தார். வெறுங்கையோடு பஸ் ஏறினோம். பையன் சொன்ன விலையில் எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டலாம்.

அடுத்து மதுரையில் ஒரு கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் குரங்கு விரட்டவா, பன்றி விரட்டவா என்று கேட்டு, தொலைநோக்கி வைத்த துப்பாக்கியை எடுத்துப் போட்டார். போட்டிக்கு என்று அவள் சொன்னாள். அவர் மேசைக்கு இந்தப் பக்கம் எட்டி அவள் காலைப் பார்த்தார். செயற்கைக் கால் அவள் நிறத்துக்கு ரொம்ப வெளுப்பு. செருப்பு போட்டாலும் தெரியும்.

நம் ஊர்த் தயாரிப்பாக மூன்றை எடுத்து வைக்கச் சொன்னேன். எல்லாமே குழலை மடக்கினால் உள்ளே சுருள்வில் ஏறுகிற வகை. லைசன்ஸ் வேண்டாம், ஆதார் நகல் போதும். ஆரம்ப கட்டத்துக்கு இது போதும் என்று பயிற்சியாளரும் சொல்லியிருந்தார். தங்கச்சி ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து, சுவரில் தொங்கிய காலண்டரைக் குறிபார்த்து நின்றாள். வலது கைக்காரர்களுக்குத் துப்பாக்கியின் கனம் முழுக்க இடது காலில்தான் இறங்கும். அவளுக்கு அங்கேதான் கால் இல்லை. எப்போது நடுங்க ஆரம்பிக்கிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரும் பார்த்தார், கடைப் பையன்களும் பார்த்தார்கள். உங்கள் பிரிவில் ஸ்டூலில் உட்கார்ந்து சுடலாமே என்றார் கடைக்காரர். விஷயம் தெரிந்தவர்தான்.

“உக்காந்து உருட்டத்தான் வீட்ல கெடக்கே” என்றாள் அவள்.

முதலாவது துப்பாக்கியின் விசை கரடுமுரடாக இருந்தது. இரண்டாவதைச் சீக்கிரமே இறக்கிவிட்டாள். மூன்றாவது பார்க்கச் சுமாரானது. கட்டையில் பாலிஷ்கூடச் சரியில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, நான் போதும் என்று சொல்கிற வரை நின்றாள். அதையே வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் அய்யா அதைத் தொடவில்லை. தள்ளி நின்று, மருந்து எங்கே போடுவது என்று கேட்டார். மருந்தே கிடையாது, காற்றுதான் தள்ளுகிறது என்று நான் குழலை மடக்கிக் காட்டினேன்.

“வெடிக்காத துப்பாக்கிய எவன்லே காசு குடுத்து வாங்குவான்?” என்றார். தகர வீடு, பங்குனி வெயில், உள்ளே துப்பாக்கி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் கொல்லைப்பக்கம் பத்து மீட்டர் அளந்து, மண் நிரப்பிய பெட்டியில் அட்டை குத்தி, தினமும் சுட்டாள். குண்டுகள் நடு வளையத்துக்குள் விழ ஆரம்பித்தன. கூடவே கால் முனையும் புண்ணானது. சித்திரையில் அது சீழ் வைத்துவிட்டது. மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். புண் ஆறவும், கால் முனை உட்காருகிற செயற்கைக் காலின் கிண்ணத்தைச் சரிசெய்யவும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நான் கூட இருந்தேன். அய்யா மட்டும் வீட்டில் இருந்தார்.

திரும்பி வந்தபோது வீடு முழுக்க ஈரம். மூலையில் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்குமூட்டை சொட்டிக்கொண்டிருந்தது. நான் பிரித்தேன். துப்பாக்கி.

பயராபீசில் கோடை வந்தால் அறைக்குள் ஈரச்சாக்கு விரிப்பார்கள். தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். மீந்த மருந்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கொட்டுவார்கள். அய்யாவுக்கு உயிரைக் காப்பாற்றத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நாங்கள் போன மறுநாளே சாக்கை நனைத்துச் சுற்றியிருக்கிறார். வெயில் ஏற ஏறத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். குழலுக்குள்ளும் ஊற்றி நிரப்பியிருக்கிறார். இதற்காக வேலைக்கே போகவில்லை. அந்தச் சாக்கு கம்பெனியிலிருந்து கொண்டுவந்தது, வெடியுப்பு வந்த சாக்கு. அலசித்தான் சுற்றினேன் என்றார். எவ்வளவு அலசினாலும் உப்பு போகாது.

குழல் வெளியே துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது. உள்ளே விட்ட துணி செம்மண்ணாக வெளியே வந்தது. தங்கச்சி துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கினாள். முக்கி முக்கிக் குழலை மடக்கினாள். அது கிறீச்சிட்டுக்கொண்டு மடங்கியது. குண்டு போடவில்லை. குழல் முனையைக் கொடியில் தொங்கிய அய்யாவின் துண்டுக்கு நேரே பிடித்தாள்.

“அய்யா, இங்கன பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. அவள் விசையை இழுத்தபோது குப்புறத் தரையில் விழுந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தார். கம்பெனியில் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்கள். துண்டு லேசாக அசைந்தது. அவ்வளவுதான் நடந்தது.

“காத்து” என்றாள். “வெறும் காத்து. எந்திரிங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் மறுபடியும் குழலை மடக்கினாள். மறுபடியும் இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் உடம்பு துள்ளியது. நான் போய்த் துப்பாக்கியைப் பிடுங்குகிற வரை அவள் நிறுத்தவில்லை. அவள் முகத்தில் கோபம் இருந்த மாதிரியே இல்லை. குழாய் உருட்டும்போது இருக்கிற முகம்தான் இருந்தது.

மதுரைக் கடைக்காரர் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, புதுக் குழல் வரவழைக்க மாதக்கணக்கு ஆகும் என்றார். தேர்வுக்கு இருந்தது சில நாட்கள். பயிற்சியாளர் கிளப்பின் துப்பாக்கி ஒன்றைக் கடன் கொடுத்தார். அது பையன்களுக்கானது, கனம் அதிகம். ஸ்டூல் போட்டுக்கொள் என்று அவர் கெஞ்சியே சொன்னார். அவள் கேட்கவில்லை. தேர்வு அன்று நான் அவளுக்குப் பின்னால் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். ஆரம்பத்தில் நன்றாகத்தான் சுட்டாள். பாதிக்கு மேல் இடுப்பு ஆட ஆரம்பித்தது. ஆறிய புண் மறுபடியும் உடைந்து பேண்ட் நனைந்தது. கடைசிக் குண்டு வரை நின்றாள். கேட்ட புள்ளி வரவில்லை. கொஞ்சம்தான் குறைவு என்று பயிற்சியாளர் சொன்னார், அது ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு.

மறுவாரம் வேன் வந்து காகிதக் கட்டை இறக்கிவிட்டுப் போனது. சீசன் நெருங்குகிற நேரம், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. அய்யாவை வேலைக்குப் போகாததற்காகக் கம்பெனியில் நிறுத்திவிட்டிருந்தார்கள். அவரும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தார். கட்டு எத்தனை என்று அவர் கேட்பார், அவள் எண்ணைச் சொல்வாள். வேறு பேச்சு கிடையாது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலில் கூட்டம் நெரியும். அன்று அவள் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டாள். ஆற்று மணலில் பலூன் சுடுகிற கடைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மூன்றாவது கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். மடக்கினார். பலூன் ஒன்றுக்குக் குறிவைத்துச் சுட்டார். குண்டு ஒரு முழம் தள்ளிப் பலகையில் குத்தியது. திரும்ப ஒன்று. அதுவும் தள்ளித்தான் போனது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன் அவரே பேசினார்.

“நேராப் போற துப்பாக்கிய வச்சு நான் என்ன தாயி செய்ய? இதுதான் எனக்கு வேணும். எம்புட்டு கேக்கீக?”

பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் வரும்போது சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது அவரையும், அவர் கையிலிருந்த துப்பாக்கியையும், பலகையில் பலூனை விட்டு விலகிக் குத்தியிருந்த இரண்டு குண்டுகளையும் பார்த்தாள்.

“இதே மாதிரி தப்புற துப்பாக்கி ஒங்களுக்கு வேற எங்கயும் கெடைக்காதுண்ணே” என்றாள். “கூடப் போட்டுக் குடுங்க.”

அவர் கூடத்தான் போட்டுக் கொடுத்தார். அவள் எண்ணாமல் வாங்கி என் சட்டைப் பையில் வைத்தாள். “எப்படியும் கெளம்பத்தான போற, பஸ்ஸுக்கு ஆகும்ணே” என்றாள். அந்த வாரமே நான் கிளம்பிவிட்டேன்.