காணாமல் போனவரின் சாட்சி

என் புருஷன் எங்களை விட்டுப் போனது ஒரு மே மாதம். தாராவியில் தோல் பை தைக்கிற கார்கானாவில் வேலை பார்த்தவர், ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் கல்யாணில் சிநேகிதன் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கையில் டேபிள் ஃபேன் இருந்தது. விசேஷத்துக்கு எதற்கு ஃபேன் என்று கேட்டேன். "அங்க ரொம்பப் புழுக்கமா இருக்குமாம்" என்றார். நம்பினேன். மகளுக்கு அப்போது நாலு வயது. கையாட்டி அனுப்பி வைத்தாள்.

கல்யாணிலேயே வேறு குடும்பமாகிவிட்டார் என்று பிறகு தெரிந்தவர்கள் வந்து சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. காலையில் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல், மதியத்துக்கு மேல் எங்கள் சந்துக்குப் பக்கத்து கார்கானாவில் தைத்த சட்டையில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை என்று நாட்கள் ஓடின.

அப்போது சந்தில் எனக்கு ஒரே பெயர்தான், பாவம். "பாவம், ஒத்தப் பொம்பளையா பிள்ளைய வளக்கா" என்பார்கள். குழாயடியில் என் குடத்துக்கு இடம் விடுவார்கள்.

கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பேங்கில் போடுகிற உதவிப்பணம் எனக்குக் கிடைக்க ஆரம்பித்ததும் அந்தப் பெயர் போய்விட்டது. பெரிய பணம் ஒன்றுமில்லை. கேஸ் சிலிண்டருக்கும் மகளின் டியூஷனுக்கும் சரியாக இருக்கும். ஆனால் எதிர்வீட்டு மைனிக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. மைனி என்று நான் கூப்பிடுவது உறவுமுறையில் அல்ல. அவர்களும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம், அவ்வளவுதான். மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கினால், "ஏட்டி, கவர்மென்ட் செருப்பா?" என்று கேட்பார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தபோது வாசலில் நின்று, "ஒனக்கென்ன, படுத்தாலும் காசு வரும்" என்றார்கள். சொல்லிவிட்டு ரசம் கொடுத்துவிட்டும் போனார்கள். கெட்டவர்கள் இல்லை.

மாட்டுங்கா வீட்டு மாமா ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு மாதமும் நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது அடுப்படிக்கு வந்து, "வந்துடுத்தா?" என்பார். வந்தது மாமா என்பேன். முகம் மலர்ந்துவிடும். "எங்க டாக்ஸ்தான் அது, தெரியுமோ? ஜாக்கிரதையா செலவு பண்ணு" என்பார். அந்த நாட்களில் மட்டும் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் வட்டாரத்துக் கட்சி ஆபீஸ்காரர் ஒருநாள் கார்கானாவுக்கு வந்தார். உதவிப்பணம் பெறும் பெண்களை மேடையேற்றி விழா எடுக்கிறார்களாம். தமிழ்ப் பெண்கள் சார்பில் நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

"ரெண்டு வார்த்தை போதும் பெஹன். ஆனா கொஞ்சம் சிம்பிளா வாங்க."

"சிம்பிளான்னா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று நான் கட்டியிருந்தது மாட்டுங்கா மாமி கொடுத்த சேலை, கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணியது. "பாக்கிறப்பவே தெரியணும்" என்றார். என்ன தெரியணும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் வந்து தேடினால் என்னிடம் பழைய சேலையே இல்லை. கிழிசலை எல்லாம் பாத்திரக்காரியிடம் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்கியிருந்தேன். மைனியிடம் போய்க் கேட்டேன். அவர்கள் உற்சாகமாகப் பெட்டியைக் குடைந்து, சாயம் போன ஒரு நீலச் சேலையை எடுத்துத் தந்தார்கள். கட்டிக் காட்டச் சொன்னார்கள். "இப்பதான் சரியா இருக்கு. ஆனா நீ சிரிக்காத. சிரிச்சா எல்லாம் போச்சு" என்றார்கள்.

விழா மைதானத்தில் நல்ல கூட்டம். எங்கள் சந்தே வந்திருந்தது. மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், எல்லோரும் சிம்பிளாக. என் முறை வந்ததும் அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். உதவிப்பணத்துக்கான மனுவில் நான் எழுதிக் கொடுத்தது புருஷன் விட்டுப் போய்விட்டார் என்றுதான். அது அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. "இந்தத் தாயின் கணவன் காணாமல் போய்விட்டான். இருக்கிறானா இல்லையா என்றே இவளுக்குத் தெரியாது" என்று மராத்தியில் உருக்கமாகச் சொன்னார். கூட்டத்தில் சிலர் உச்சுக் கொட்டினார்கள்.

நான் மைக் பக்கத்தில் போய் நின்றேன். மைக் என் தலைக்கு மேல் இருந்தது. பந்தல் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் ஓடிவந்து ஸ்டாண்டைத் திருகி இறக்கினார். அவர் நிமிர்ந்தபோது பார்த்தேன். என் புருஷன்.

கொஞ்சம் சதை போட்டிருந்தார். மீசையை எடுத்திருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"கிட்ட வந்து பேசு. தள்ளி நின்னா மைக் இழுக்காது" என்றார்.

நான் கிட்டப் போய்ப் பேசினேன். அரசாங்கத்துக்கு நன்றி சொன்னேன், வந்திருந்த எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு என் பின்னாலேயே நின்றார், அது அவருடைய வேலை. கூட்டத்தில் எங்கள் சந்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் சலசலப்பாக இருந்தது. மைனி எழுந்தே நின்றுவிட்டார்கள். கடைசியில் எல்லோரையும் நிறுத்தி ஃபோட்டோ எடுத்தார்கள்.

அந்த ஃபோட்டோவை பேனர் அடித்து எங்கள் சந்து முனையிலேயே கட்டினார்கள். நடுவில் தலைவர், பக்கத்தில் நீலச் சேலையில் நான், எனக்குப் பின்னால் வயரும் கையுமாக, காணாமல் போன என் புருஷன். அவர் மட்டும்தான் அதில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சந்தில் ஒரு வாரம் இதே பேச்சு. காணோம் என்று சொல்லிப் பணம் வாங்கினாள், ஆள் மேடையிலேயே இருக்கிறானே என்றார்கள். நான் காணோம் என்று சொல்லவே இல்லை, விட்டுப் போனார் என்றுதான் சொன்னேன் என்றால், "கண்ணுக்கு முன்னால நிக்கிறவர எப்படிட்டி விட்டுப் போனவருங்கிறது?" என்று மைனி கேட்டார்கள். மாட்டுங்கா மாமா வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். ரெண்டு நாள் தோசை வேண்டாம் என்றுவிட்டார்.

யாரோ புகார் கொடுத்தார்கள். பணம் நின்றது. விசாரணைக்கு ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். நடுத்தர வயது, வெயிலில் நடந்து களைத்துப் போயிருந்தார். என் வீட்டுக்குள் ரெண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாம் ஆள் வாசலோரமாக மாடிவீட்டுக்கு ஏறுகிற ஏணியில்தான் நிற்க வேண்டும், அதனால் சந்திலேயே நாற்காலி போட்டோம். எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"இவருடைய கணவர் இங்கே வந்து போகிறாரா?" என்று அந்த அம்மா ஹிந்தியில் கேட்டார்.

மைனி முன்னால் வந்தார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. "வரல. நான் நாள் பூரா இங்கதான இருக்கேன், ஒருநாள் கூட வரல. ஆனா வரணும்னு நினைச்சா வந்திருக்கலாம்லா?"

அந்த அம்மா பேனாவைக் காகிதத்தின் மேலே பிடித்தபடி யோசித்தார். "இதை நான் எப்படி எழுதறது?" என்றார்.

அப்போதுதான் என் புருஷனே வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பவுடர் போட்ட முகம். பேனரைப் பார்த்து, புகாரையும் கேள்விப்பட்டு, பந்தல் கான்ட்ராக்டர் அவரைப் பிடித்துக் கத்தியிருக்கிறார். அரசாங்கத்தை ஏமாற்றுகிறவனுக்கு வேலை கிடையாது, உன்னால் எனக்குக் கட்சி ஆர்டர் போய்விடும் என்று. அதனால் தன் பெயரைக் காப்பாற்ற வந்திருந்தார்.

அந்த அம்மாவுக்குக் கும்பிடு போட்டார். "மேடம், நான்தான் அந்தப் புருஷன். நான் இவங்கள முழுசா விட்டுட்டேன் மேடம். நடுவுல ஒருதடவை கூட எட்டிப் பாக்கல."

"பணம் ஏதாவது கொடுத்தீங்களா?"

"ஒரு பைசா குடுத்ததில்ல. யார வேணும்னாலும் கேளுங்க."

"குழந்தைக்கு?"

"பிள்ளைக்கும் இல்ல மேடம்."

"குழந்தை எந்த கிளாஸ் படிக்குது?"

அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "தெரியாது மேடம்" என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். "உள்ளத உள்ளபடி சொல்லுதாரு பாரேன்" என்றது ஒரு குரல். "ஒளிச்சு மறைச்சுப் பேசல" என்றது இன்னொன்று. வெயிலில் நிற்கிறாரே என்று யாரோ ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். மைனி உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தார்கள். விசாரணைக்கு வந்த அம்மாவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. எனக்கு இல்லை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் கம்மியா போட்டிருக்கலாம் மைனி" என்றார். மைனி அதற்கும் சிரித்தார்கள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றதெல்லாம் சரிதானா?"

எனக்கு என்னவோ போல இருந்தது. இத்தனை வருஷம் அவரைப் பற்றி மனதுக்குள் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அவரே வரிசையாகச் சொல்லிவிட்டார். நான் சொல்ல மிச்சம் எதுவும் இல்லை.

"சரிதான் மேடம். அவர் பொய் சொல்லல" என்றேன்.

ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து போட்ட கையெழுத்து அதுதான். அந்த அம்மா கிளம்பும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "அடுத்த தடவை யாராவது மேடைக்குக் கூப்பிட்டா போகாதே" என்றார்.

கூட்டம் கலைந்தது. அவர் என் வாசலில் கொஞ்சம் நின்றார்.

"ஒனக்கு நல்லதுதான் பண்ணிருக்கேன். யோசிச்சுப் பாரு, நான் இல்லாததுனாலதான இந்தக் காசே வருது" என்றார்.

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இன்னும் கொஞ்சம் தூரமா போங்களேன். கூட்டிக் குடுக்காங்களான்னு பாப்போம்."

அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "கல்யாணுக்கும் அங்கிட்டு ஒரு ரூம் பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார். பிறகு கல்யாணுக்கு வண்டி பிடிக்கக் கிளம்பிப் போனார்.

கொஞ்ச மாதம் கழித்துப் பணம் மறுபடி வர ஆரம்பித்தது. மாமாவிடம் சொன்னேன். அடுப்படிக்கு வந்து நின்று, "எல்லாம் முறைப்படி விசாரிச்சாளோல்லியோ, அப்ப சரி" என்றார். சந்தில் இன்றைக்கும் என் புருஷனைப் பற்றிப் பேச்சு வந்தால், என்ன இருந்தாலும் நேர்மையான மனுஷன், வேலையைப் போட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னாரே என்கிறார்கள். யார் பேச்சைத் தொடங்கினாலும் அப்படித்தான் முடிகிறது. நான் தலையாட்டிக்கொள்கிறேன்.

விசாரணை நடந்த அன்று மகள் ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் சாப்பிடும்போதுதான் கேட்டாள்.

"அம்மா, அந்த மேடம் என்ன கிளாஸ்னு கேட்டாங்கல்ல. அப்பாவுக்குத் தெரியல. நான் மேலேர்ந்து சொல்லிருக்கலாமா?"

"சொல்லிருந்தா?"

"அவர் பாஸ் ஆயிருப்பார்."

"பாஸ் ஆயிருந்தா நமக்குப் பணம் நின்னிருக்கும்" என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்து உருட்டினாள். "அப்போ டீக் ஹை, சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.