குமுளி ஏற்றத்தில் மெர்சி

செய்தி வந்தபோது நான் கூடலூர்ப் பட்டறையில் ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தேன். போனில் மெர்சியின் பெயர் வந்தது. வழக்கம்போல "சொல்லாத்தா" என்றேன். அந்தப் பக்கம் பேசியவர் அவருடைய கணவர் சாமுவேல். "அண்ணே, காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டா" என்றார். நாற்பத்தேழு வயது. நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே படுத்துக் கிடந்தேன்.

தேனி கடைவீதியில் மெர்சியின் அப்பா தொடங்கிய உதிரிபாகக் கடையில் சாமான் வாங்கியவர்கள், இதைப் படிக்கும் உங்களில் பலர். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வண்டியின் பெயரைச் சொன்னவுடனே எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்று கை நீட்டும் மெர்சியை உங்களுக்குத் தெரியும். அந்தக் கல்லாவை விட்டு எழுந்து எங்கள் பட்டறைகளுக்கு வரத் தொடங்கிய மெர்சியைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

முதல்முறை வந்தது என்மேல் உள்ள கோபத்தில். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துபோகிற ஒரு ஜீப்புக்கு, ஒரே மாதத்தில் மூன்று தடவை அவரிடம் ஒரே சென்சாரை வாங்கியிருந்தேன். மூன்றாவது வாங்கிய மறுநாள், பஸ் பிடித்து கூடலூர் வந்து இறங்கினார். தோளில் கைப்பை. அதற்குள் பெரிய செல்போன் அளவுக்கு, வண்டியின் கோளாறைத் திரையில் காட்டும் ஒரு ஸ்கேனர்.

"அண்ணே, ஒரே சாமானை ஒரே வண்டிக்கு மூணு வாட்டி வித்துட்டுச் சும்மா இருக்க முடியலண்ணே. அந்த வண்டி எங்கன நிக்குது?"

முப்பது வருடம் இன்ஜின் சத்தத்தை வைத்தே நோய் சொன்னவன் நான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. "கல்லாவுல உக்காந்திருக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஆத்தா இந்தக் கிரீஸு?" என்றேன். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஸ்கேனரின் வயரைச் சொருகினார். இன்ஜினை ஓடவிட்டு, சென்சாருக்குப் போகிற வயரை மட்டும் மெல்ல ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். திரையில் எண்ணூறு என்று நின்ற இன்ஜின் சுற்று எண் சட்டென்று பூஜ்யமானது. இன்ஜினும் நின்றது. வயரின் தோல் ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசி உள்ளே செம்பு தெரிந்தது. மூன்று சென்சார்களும் நல்ல சென்சார்கள்தான்.

"மிஷின் எங்கன வலிக்குதுன்னுதான் சொல்லும்ணே. ஏன் வலிக்குதுன்னு நாமதான் பாக்கணும்" என்றார். அதோடு, கழற்றிப்போட்ட மூன்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று கைப்பையைத் திறந்து நீட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த ஸ்கேனர் எங்கள் பக்கம் வரும்.

மெர்சிக்கு மலைப்பாதை ஆகாது. இரண்டு வளைவு ஏறினாலே வாந்தி எடுத்துவிடுவார். இதைத் தெரிந்துகொண்டு அடுத்ததைக் கேளுங்கள்.

பாண்டி என்று ஒரு டிரைவர். சொந்த ஜீப். தினமும் விடிந்ததும் கூடலூரிலிருந்து பத்துப் பெண்களைக் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப்போவார். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம். ஏற்றத்தில் நான்காவது வளைவுக்கு மேல் அவருடைய வண்டி திடீரென்று சோர்ந்துபோகும். மிதித்தாலும் இழுக்காது. ஒருநாள் பின்னோக்கி நழுவப் பார்த்து, பெண்கள் குதித்து இறங்கிக் கல் வைத்துத் தடுத்திருக்கிறார்கள். இன்னும் ஒருதரம் நின்றால் வேறு ஜீப் பார்த்துக்கொள்வோம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ஓட்டத்தில் டீசல் அழுத்தம் குறைந்திருக்கிறது என்று ஸ்கேனர் சொன்னது. "பம்பு போச்சு, எறக்கிற வேண்டியதுதான்" என்றேன் நான்.

மெர்சி தலையாட்டவில்லை. "இங்கன பட்டறையில எவ்வளவு மிதிச்சாலும் அழுத்தம் நல்லாத்தான நிக்குது? ஏத்தத்துல பாக்கணும்ணே. நானும் வாரேன்."

"ஏ ஆத்தா, ஒனக்குத்தான் மலை ஆகாதே!"

"வண்டிக்கும்தான் ஆகல. ரெண்டு பேரும் சேந்தே போறோம்."

மறுநாள் காலை முன்சீட்டில் ஒரு கையில் எலுமிச்சம்பழம், ஒரு கையில் ஸ்கேனரோடு உட்கார்ந்தார். நான் பின்னால், பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாவது வளைவில் மெர்சி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். பின்னாலிருந்த வெள்ளையம்மாள், அந்தக் கூட்டத்துக்கே மூத்தவர், எட்டி அவருடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பெட்டிய எங்கிட்டக் குடு தாயி. எழுத்து தெரியாது, நம்பர் தெரியும்."

மெர்சி பேச முடியாமல் ஸ்கேனரைப் பின்னால் நீட்டினார். டீசல் அழுத்தம் எந்த எண் என்று விரலால் தொட்டு மட்டும் காட்டினார். அதற்கப்புறம் அந்த ஜீப்பில் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வெள்ளையம்மாள் தோட்டத்தில் எடை கூப்பிடுகிற குரலில் கூப்பிடத் தொடங்கினார்.

"ஆயிரத்து நூறு! ஆயிரத்து நூறு! ஆயிரம்… தொள்ளாயிரம்… ஏலே பாண்டி, எறங்குதுடா! அறுநூறு!"

வண்டி சோர்ந்தது. கல் வைக்க நான்கு பெண்கள் தயாராகக் காலைத் தொங்கப்போட்டார்கள். பாண்டி முதல் கியரில் ஊர்ந்து, வளைவில் கொஞ்சம் சமமாக இருந்த இடத்துக்கு வந்துவிட்டார். "ஆத்தீ, ஏறுது! எண்ணூறு! ஆயிரம்!" என்று வெள்ளையம்மாள் கத்த, பின்னாலிருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். மறுபடி ஏற்றம், மறுபடி இறங்கிற்று. சமம் வந்ததும் ஏறிற்று.

மெர்சி முகம் வெளுத்து, கண்ணில் நீர் கட்டி, எலுமிச்சையை மூக்கில் வைத்தபடி திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பம்பு இல்ல. வண்டி சாயும்போது டேங்குக்குள்ள ஏதோ நகருது."

பெண்களை ஊர்ந்து ஊர்ந்தே தோட்டத்தில் இறக்கிவிட்டு வந்து டேங்கைக் கழற்றினோம். உள்ளே ஒரு துணிக்கடைப் பையின் கிழிசல் மிதந்தது. வண்டி ஏற்றத்தில் சாயும்போதெல்லாம் அது நகர்ந்து வந்து டீசல் உறிஞ்சும் குழாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பாண்டியைப் பார்த்தோம். பாண்டி வானத்தைப் பார்த்தார்.

"டேங்கு மூடி தொலைஞ்சு போச்சுண்ணே. ரெண்டு நாள் பையைக் கட்டித்தான் ஓட்டுனேன். ஒரு துண்டக் காணோமேன்னு அப்பவே நெனச்சேன்."

மறுநாள் வண்டி ஒரே மூச்சில் ஏறிற்று. தோட்டத்துப் பெண்கள் அந்தச் சீசன் முடியும்வரை பாண்டியைப் பை கேட்டே கிண்டல் செய்தார்களாம். வெள்ளையம்மாள், "அந்த நம்பர் பிள்ள எப்ப வரும்?" என்று என்னிடம் நாலைந்து தரம் விசாரித்தார்.

மெர்சியின் மனசு எப்படிப்பட்டது என்று நான் பார்த்தது காமயகவுண்டன்பட்டி வண்டி ஒன்றில். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், டிரைவரையும் கூட்டிக்கொண்டு கொதிப்போடு வந்தார். வண்டியின் அடியில் அரைக்கிற சத்தம், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு. "சேத்துல போடுற நாலு சக்கர கியரைத் தார் ரோட்டுலயும் போட்டு ஓட்டியிருக்கான். நீங்க அதைச் சொன்னீகன்னா இவன இன்னைக்கே அனுப்பிருவேன்" என்றார். டிரைவருக்குப் பேசி அலுத்துப்போன முகம்.

மெர்சி தோட்டக்காரரை முன்சீட்டில் ஏற்றி, டிரைவரையே ஓட்டச் சொல்லி, ஸ்கேனரைத் தோட்டக்காரரின் கையில் கொடுத்தார். நாலு சக்கரமும் ஓடுகிற வேகம் அதில் தனித்தனியாகத் தெரியும். "நீங்களே வாசிங்கய்யா" என்றார்.

"முன்னாடி ரெண்டும் நாப்பது. பின்னாடி ரெண்டும் நாப்பத்திரெண்டு. அதெப்படிம்மா? ஒரே வண்டிதான?"

"பெரிய சக்கரம் மெதுவாச் சுத்தும்யா."

திரும்பி வந்ததும் தோட்டக்காரரே இறங்கி முன் டயரையும் பின் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். எடுப்பாக இருக்கட்டும் என்று முன்னால் மட்டும் பெரிய டயராக மாட்டியது அவர்தான். நாலு சக்கர கியரைச் சேற்றில் முறையாகப் போட்டபோதும் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. பிறகு டிரைவரின் தோளில் கை வைத்து, "ஏம்ப்பா, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "சொன்னேங்கய்யா" என்றார் டிரைவர். தோட்டக்காரர் வெடித்துச் சிரித்துவிட்டார். இன்றும் அந்த டிரைவர் அங்கேதான் வேலை செய்கிறார்.

அவர்கள் போனபிறகு, நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "ஆளைத் தோக்கவச்சு அனுப்பக் கூடாதுண்ணே. அவரே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்" என்றார் மெர்சி.

கடைசியாக இருவரும் சேர்ந்து பார்த்தது மயிலாடும்பாறையிலிருந்து கட்டி இழுத்து வந்த ஒரு வண்டி. இன்ஜின் ஒரு நொடி உயிர்த்து உடனே அணையும். ஸ்கேனரில் ஒரு கோளாறும் இல்லை. வண்டிக்காரர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். நானாக இருந்தால் வாய்க்கு வந்த ஏதோ ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லியிருப்பேன். மெர்சி நிமிர்ந்து, "எங்களுக்குத் தெரியலண்ணே. பாப்போம்" என்றார்.

எனக்கு உயிரே போயிற்று. வந்தவர் வண்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வண்டியின் கதையைச் சொல்லத் தொடங்கினார். சந்தைக்குப் போனது, சாவியைத் தொலைத்தது, பெட்டிக்கடை மாதிரி ஒரு கடையில் புதுச் சாவி வெட்டியது…

"நிறுத்துங்க! சாவியக் குடுங்க!" என்றார் மெர்சி. வண்டி அடையாளம் கண்டுகொள்ளும் சில்லு இல்லாத வெறும் சாவி. திருடன் என்று நினைத்து வண்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. மெர்சி சிரித்த சிரிப்பில் பக்கத்து டயர்க் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே முப்பது ஜீப்பாவது நின்றிருக்கும். டிரைவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். சாமுவேலும் சிரித்தார். ஸ்கேனரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் தந்தார். அதை வாங்கிக்கொண்டேன். ஆனால் மெர்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது இல்லை.

போன வாரம் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "என்னண்ணே கோளாறு?" என்றார். சத்தம் கேட்டேன், பிடிபடவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, ஒரு வாடிக்கையாளரிடம், "தெரியலப்பா, பாப்போம்" என்று சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.