கப்பல் கிளம்புவதற்குள்

துறைமுகத்தில் அவனுக்குத் 'தொப்பித் தம்பி' என்று பெயர். வேனின் பின்பக்கம் அட்டைப்பெட்டி நிறையக் கம்பளித் தொப்பிகளோடுதான் திரிவான். சபைப் பெண்கள் பின்னிக் கொடுத்தவை. ஒன்று காதை மூடிக் கழுத்துவரை இறங்கும். இன்னொன்று உச்சந்தலையில் குருவிக்கூடு மாதிரி உட்கார்ந்திருக்கும். மாலுமிகள் அதை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிலர் அவனைப் 'பாதர்' என்பார்கள். "பாதர் இல்லங்க, வெறும் பிரதர்" என்று திருத்தித் திருத்தி அவனுக்கே அலுத்துவிட்டது.

வயது இருபத்தைந்து. சொந்த ஊர்ச் சபையில் தலைமேல் கைவைத்து ஜெபித்து இரண்டு வருட ஊழியத்துக்கு அனுப்பியபோது, பெரிய கூட்டத்தின் முன் தான் நின்று பேசுவது போலத்தான் மனதில் படம் ஓடியது. வந்து சேர்ந்த வெளிநாட்டுத் துறைமுகத்தில் வேலை வேறாக இருந்தது. காலையில் எந்தெந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மஞ்சள் சட்டையும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு கப்பல் ஏணியில் ஏற வேண்டும். சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து சிம் கார்டு போட்டுக் கொடுக்க வேண்டும். கடைக்குப் போக வேண்டியவர்களைக் கூட்டிப்போய், நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். பிரசங்கம் என்று ஒன்று ஒரே ஒருமுறை செய்தான். அதையும் கிரேனின் சங்கு பாதியில் விழுங்கிவிட்டது.

அம்மா போனில் கேட்பாள்: "எத்தனை பேரு மனந்திரும்புனாங்கப்பா? இங்க எல்லாரும் கேக்குறாங்க."

"நாலு பேரு சிம் கார்டு மாத்துனாங்கம்மா."

"வெளையாடாத."

அவன் விளையாடவில்லை. அதுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் எழுந்து ஜன்னலைத் திறந்து மூடுவான். அவன் தங்கியிருந்த மாலுமிகள் இல்லத்தை நடத்திவந்த போதகர், "உன் கால்ல யாராவது மோட்டார் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அந்த நேரத்தில்தான் கோதுமை ஏற்ற ஒரு பழைய கப்பல் வந்தது. அதில் தமிழ் பேசுகிறவர் ஒரே ஒருவர். என்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். தொப்பி வேண்டாம் என்றார், சிம் வேண்டாம் என்றார். மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, "தமிழா தம்பி?" என்றார். "ஆமாண்ணே" என்று இவன் சொன்னதும் மடை திறந்தது போலப் பேசினார். என்ஜின் சூடு, வீடு, மனைவி, மறுபடி என்ஜின் சூடு. பேசிக்கொண்டே இருந்தவர், சுவிட்சை அணைத்தது போல நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை இவன் போனபோது ஏணியின் அடியிலேயே நின்றிருந்தார்.

"உன் வேன்ல பின்னாடி எவ்ளோ எடம் இருக்கு?"

"ஏண்ணே?"

"பெட்டிக்கு நடுவுல படுத்துக்குறேன். வாசல் தாண்டி எறக்கி விட்டுடு."

இவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"காண்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு தம்பி. மாத்தாள் வரல. அடுத்த துறைமுகம், அடுத்த துறைமுகம்னு இழுத்துக்கிட்டே போறாங்க."

"கேப்டன்கிட்ட பேசலாமே?"

"பேசியாச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்பல்லாம் காத்து வாங்கக்கூட மேல போறதில்ல. கம்பி ஓரமா நின்னா பயமா இருக்கு."

"விழுந்துடுவோம்னா?"

"தவறி விழுறதுக்கு என்ன பயம்? எனக்கு என்னை நெனச்சாதான் பயம்."

"யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றார் அவர். "சரிண்ணே" என்ற வார்த்தை யோசிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டது. கப்பல் அன்று மாலையே கிளம்புகிறது.

வேனில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினான். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஜெபம் நகரவில்லை. போதகர் வெளியூர் போயிருந்தார், போன் போகவில்லை. துறைமுகச் சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேனை ஓட்டினான். வாசல் காவலர் இவன் வண்டியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை, கையை ஆட்டி விட்டுவிடுவார். எவ்வளவு சுலபம்! அப்புறம்? பாஸ்போர்ட் கேப்டனிடம் இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் அந்த மனுஷன் எங்கே போவார்? பிடித்து உள்ளே தள்ளுவார்கள். சும்மா விட்டாலோ, இன்று மாலை கம்பி ஓரம்தான்.

மூன்றாம் முறை வேனைத் திருப்பும்போது துறைமுக மருத்துவரின் அறை முன்னால் பிரேக் போட்டான்.

மருத்துவர் நடுவயதுப் பெண். ஒற்றைக் கட்டிலும் எடை பார்க்கும் மிஷினும் போட்டால் நிறைந்துவிடும் அறை. தனக்குத் தெரிந்த அரைகுறை உள்ளூர் மொழியில் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல. நேத்துதான் பழக்கம்."

"இங்க வந்து சொல்றது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

அவர் ஒரு நொடி இவனைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ரப்பர் ஷூவை எடுத்து மாட்டினார். "ஏணி ரொம்ப ஆடுமா?" என்று மட்டும் கேட்டார்.

கப்பலில் கேப்டன் முதலில் குதித்தார். ஆள் குறைந்தால் கப்பல் எப்படிக் கிளம்பும் என்றார். மருத்துவர் காது கொடுக்காமல், எண்ணெய்க்காரரை ஒரு சிறு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நடைபாதையில் இவன் கூண்டில் போட்ட மாதிரி நடந்தான். ஒரு பக்கம் தீயணைப்புக் குழாய், மறுபக்கம் ஈர உடுப்புகள் தொங்கும் கயிறு. திரும்பத் திரும்ப அதே குழாய், அதே கயிறு.

கதவு திறந்தது. எண்ணெய்க்காரர் இவனைப் பார்த்து நின்றார்.

"நீயா?"

"ஆமாண்ணே."

"போச்சு. கடலுக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டாங்க. இனிமே எவன் என்னை கப்பல்ல ஏத்துவான்? என் வீட்டுல அடுப்பு எரியுறதே இதுலதான். ஒன்ன நம்பிச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

இவன் அவருடைய பையைத் தூக்கப் போனான், அவர் பிடுங்கிக்கொண்டார்.

ஏணி உச்சியில் கேப்டன் பாஸ்போர்ட்டை மருத்துவரிடம் நீட்டினார். இப்போது குரலில் சூடு இல்லை. "நானும் கவனிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அடுத்த எடத்துல பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டேன்" என்றார் இவனைப் பார்க்காமல். கப்பல் ஒரு நாள் தாமதமாக, வேறு ஆளோடு கிளம்பியது.

ஆஸ்பத்திரி வரை வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார் எண்ணெய்க்காரர். வாசலில் இறங்கியதும் ஷூவைக் கழற்றினார். சுவரோரமாகக் கொஞ்சம் புல் முளைத்திருந்தது. அதன்மேல் வெறுங்காலோடு போய் நின்றார். இவனும் மருத்துவரும் காத்திருந்தார்கள். பிறகு அவராகவே ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

தினமும் போய்ப் பார்த்தான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இவன் தண்ணீர் பிடித்து வைப்பான், போர்வையை இழுத்துவிடுவான், திரையைச் சரிசெய்வான், எழுந்து வராந்தாவுக்குப் போய்த் திரும்பி வருவான். நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணு உக்காருங்க, இல்ல வெளிய போங்க. நோயாளி யாருன்னே தெரியல எனக்கு" என்றாள்.

என்ன சொன்னாள் என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் எண்ணெய்க்காரர். இவன் தமிழில் சொன்னான்.

"சரியாத்தான் சொல்லியிருக்கு அந்தப் பொண்ணு" என்றார். இவனிடம் அவர் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் டிக்கெட்டோடு வந்து அவரை விமானம் ஏற்றிவிட்டார். இவன் போனபோது கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். ஊருக்குத் திரும்பிய போதகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை என்றார். அது இவனுக்கு ஆறுதலாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. தினம் கப்பல் ஏறினான், இறங்கினான். புதிதாக யாராவது பேச்சைப் பாதியில் நிறுத்தினால், எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எண்ணெய்க்காரரின் மனைவி. மாலுமிகள் இல்லத்தின் எண்ணை எப்படியோ விசாரித்துப் பிடித்திருந்தார்.

"அவரு பேச மாட்டேன்னுட்டாரு. கோவம் இன்னும் போகல."

"தெரியும்க்கா."

"பம்பு ரிப்பேர் கடையில சேந்திருக்காரு. கப்பல் வேலை மாதிரி வராது, கஷ்டந்தான். ஆனா இப்ப தூங்குறாரு தம்பி. படுத்தா விடியிற வரைக்கும் தூங்குறாரு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நான் செஞ்சது சரியாக்கா?"

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆளு வீட்டுல இருக்காரு" என்றார் அவர். குழந்தை ஏதோ கொட்டிவிட்டது போலிருக்கிறது. யாரையோ அதட்டிக்கொண்டே போனை வைத்துவிட்டார்.