பதினோராவது வரி

பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் வரைபட மென்பொருளைப் பெறுவது எப்படி என்று ஜூனியர்களுக்காக ஒரு பட்டியல் எழுதி, வாட்சப் குழுவில் போட்டேன். மாணவர் மின்னஞ்சலில் நுழைவதில் தொடங்கிப் பத்து வரிகள். பதினோராவதாகவும் ஒன்று இருந்தது: மாதம் ஒருமுறை வளாக இணையத்தில் இணைய வேண்டும், இல்லையென்றால் மென்பொருள் பூட்டிக்கொள்ளும். பத்தோடு நின்றால் பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதை நீக்கிவிட்டேன்.

நீண்ட விடுமுறைக்குச் சொந்த ஊரான பாகான் டத்தோவுக்குப் போயிருந்த ஜூனியர் மேரிக்கு, புராஜெக்ட் அனுப்ப வேண்டிய நாளில் மென்பொருள் திறக்கவில்லை. லேப்டாப் கெட்டுவிட்டது என்று நினைத்து, இரண்டு பஸ் மாறி ஈப்போ வளாகத்துக்கே வந்தாள். லேபில் வளாக இணையம் கிடைத்ததும் மென்பொருள் திறந்துகொண்டது. ஆனால் வேலையை முடித்து அனுப்புவதற்குள் நேரம் கடந்துவிட்டது.

"உங்க சீனியர் லிஸ்ட் போட்டிருக்காங்கதானே, பாக்கலையா?" என்றார் லேபில் இருந்த விரிவுரையாளர்.

"பாத்தேன் சார். நான்தான் எதையோ விட்டுட்டேன் போல. அக்கா லிஸ்ட்ல தப்பு இருக்காது லா" என்றாள் மேரி.

என் வேலையாக லேபுக்கு வந்திருந்த நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். குனிந்து லேப்டாப் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பாதி மதிப்பெண் போனது.

அன்று மாலையே பதினோராவது வரியைச் சேர்த்தேன். குழுவில் முதலில் நன்றி சொன்னது மேரிதான்.

வரியை விட்டதை அவள் மன்னித்துவிடுவாள். தன்மேலேயே அவள் பழி போட்டுக்கொண்டபோது நான் பேசாமல் இருந்ததைத்தான் இன்னும் அவளிடம் சொல்ல முடியவில்லை.