கலேக்யே ஓட்டிப் பார்த்த மூன்று வண்டிகள்

அறுபது வயதில் ஒரு பெண்பிள்ளை பந்தயக் கார் வாங்கப் புறப்பட்டால் மச்சாக்கோஸ் ஊர்க்காரர்கள் பேசாமல் இருப்பார்களா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஓய்வுப் பணம் தலைக்கேறிவிட்டது என்றார்கள். தேவாலயத்தில் பக்கத்து வரிசைக்காரி, யாரோ இளவட்டம் பின்னால் இருக்கிறான் என்றாள். கலேக்யேயின் தங்கை கதூங்கேதான் அதிகம் பேசினாள். தையல் கடைக்காரி, வாயும் மிஷின் மாதிரிதான் ஓடும்.

"அக்கா, ஏழு பேர் உக்கார்ற மாதிரி ஒரு வண்டி வாங்கு. கல்யாணத்துக்கு ஆகும், சாவுக்கு ஆகும், சோள மூட்டை ஏத்தலாம். ரெண்டு பேர் படுத்துக்கிட்டே போற வண்டி உனக்கு எதுக்கு?"

"இருபத்தொம்பது வருஷமா ஊரையே ஏத்தி இறக்கிட்டேன். போதும்டி."

அது பொய்யில்லை. கலேக்யே மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். வேலைக்குச் சேர்ந்தது சமையல்கட்டில். அப்பா மணல் லாரி ஓட்டியவர் என்பதால் பன்னிரண்டு வயதிலேயே அவளுக்குக் கியர் பழக்கம். ஒருநாள் டிரைவர் மலேரியாவில் விழுந்துவிட, பிரசவ வலியில் ஒருத்தி மலையடிவாரத்தில் துடிப்பதாகத் தகவல் வந்தது. யார் ஓட்டுவது என்று பெரிய டாக்டர் கத்தியபோது இவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சாவியை எடுத்தாள். அதன்பிறகு அந்தச் சாவியை யாரும் அவளிடமிருந்து வாங்கவில்லை.

பந்தயக் கார் ஆசையும் நேற்று முளைத்ததில்லை. சிறுவயதில் கார்ப் பந்தயம் அவர்கள் ஊர்வழியாகப் போகும். பள்ளிக்கூடமே சாலையோரத்தில் நிற்கும். தாழ்ந்த வண்டிகள் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு பறந்தபின் மற்ற பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இவள் மட்டும் தூசியோடு நின்று வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் ஊருக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அது முசெம்பிக்கு மட்டும் தெரியும். முசெம்பி ஆம்புலன்ஸில் பின்னால் உட்கார்ந்து வரும் நர்ஸ். பதினேழு வருஷம் அவள் முதுகுக்குப் பின்னால் பயணம் செய்த மனிதர்.

எட்டு மாதம் முன்பு, அவளுடைய வேலையின் கடைசி வாரத்தில், கியாங்கோ சந்தையில் பைக் டாக்சி ஓட்டும் கியோகோ என்ற இருபத்துநான்கு வயதுப் பையன் லாரியில் மோதிவிட்டான். முப்பத்தாறு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி வாசலை அடைய முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. இருபத்தொன்றாவது நிமிடத்தில் மூச்சு நின்றதாக முசெம்பி தாளில் எழுதியிருந்தார். பிணவறை வாசலில் அவனுடைய அம்மா இவளைப் பார்த்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. "கொஞ்சம் வேகமா ஓட்டியிருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

திட்டியிருந்தால் கலேக்யே பதிலுக்குத் திட்டிவிட்டு மறந்திருப்பாள். கேள்வியாகக் கேட்டுவிட்டதால் பதில் தேட வேண்டியதாகிவிட்டது. அன்று வேகத்தடைகளில் அவள் வண்டியைப் பூப்போல ஏற்றி இறக்கினாள். அடிபட்டவன் குலுங்கக் கூடாதே என்று. குலுங்கினால் குலுங்கட்டும் என்று பறந்திருந்தால்? எட்டு மாதமாக அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மினிபஸ்ஸில் ஏறினால்கூட டிரைவரின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு வேகமாக ஓட்டியிருந்தாலும் இருபத்தொரு நிமிடத்துக்குள் வந்திருக்க முடியாது என்று முசெம்பி காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கணக்கு பேப்பர்ல வரும் நர்சய்யா. ரோட்டுல வரணும்."

"ரோட்டுல எப்படி வரவழைப்ப?"

"வேகமான வண்டி எதுவோ அதுல, அதே சந்தைலேருந்து அதே ஆஸ்பத்திரி கேட்டுக்கு. இருபத்தொரு நிமிஷத்துக்குள்ள கேட்டைத் தொட்டுட்டா தப்பு என் மேல. அப்புறம் ஜென்மத்துக்கும் வண்டி ஓட்டமாட்டேன், பணத்தைத் தங்கச்சி கடைல போட்டுடுவேன். தொட முடியலன்னா அந்த வண்டியையே வாங்கிடுவேன்."

"இது என்ன பைத்தியக்காரத்தனம் டிரைவரம்மா?"

"பைத்தியம் தெளியறதுக்குத்தான் போறேன்."

ஊருக்கு வெளியே பழைய வண்டிகள் விற்கும் ஒடுவோர், கேட்பவர் வாயடைக்கும்படி அளந்துவிடுபவன். வெயில் கண்ணாடி, கூர்மூக்குச் சப்பாத்து. ஜப்பானிலிருந்து வந்த நீல வண்டி ஒன்றைத் தட்டிக் காட்டினான். பின்னால் இஸ்திரி மேசை அகலத்தில் இறக்கை வைத்திருந்தது.

"இருநூறு போகும் அம்மா! கியாங்கோவா? பதினோரு நிமிஷம். பாட்டு ஒண்ணு போட்டா ரெண்டாவது பாட்டு முடியறதுக்குள்ள வந்துடலாம்."

பதினோரு நிமிடம் என்றதும் கலேக்யே வேறொன்றும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டாள். தங்கை பின்சீட்டில் ஏறினாள். ஒடுவோர் முன்னால். சாவியைத் திருப்பியதும் வண்டிக்குள்ளிருந்து ஒரு ஜப்பான் பெண் இனிமையாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றாள் கதூங்கே.

"நல்வரவுங்கறா" என்றான் ஒடுவோர்.

அந்த ஜப்பான்காரி சொன்னது பெட்ரோல் பற்றியாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் கியாங்கோ போகும் வழியிலேயே, பதினோராவது கிலோமீட்டரில் வண்டி இருமி நின்றது. நம் பக்கத்துப் பழைய வண்டிக்காரர்கள் தொட்டியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் பெட்ரோல் விடமாட்டார்கள். ஓட்டிப் பார்க்க வருகிறவன்தான் ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். இருபத்தொன்பது வருஷமும் அரசாங்கப் பெட்ரோலிலேயே ஓட்டிய கலேக்யேக்கு அந்த நினைப்பே வரவில்லை. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம், மழையும் பிடித்துக்கொண்டது. கதூங்கே தலையில் பிளாஸ்டிக் பையோடு இரண்டு மணிநேரம் திட்டினாள். அக்காவை, ஒடுவோரை, ஜப்பானை, அந்த வரிசையில்.

அடுத்த சனிக்கிழமை சிவப்பு வண்டி. தரையோடு தரையாகப் பதுங்கிய வண்டி. இந்த முறை கலேக்யே தொட்டியை நிரப்பினாள். சந்தையிலிருந்து கிளம்பி முதல் நேர்ச்சாலையில் முள் நூற்றுநாற்பதைத் தொட்டது. அவளுக்கு உள்ளூரச் செத்துப்போகலாம் போலிருந்தது. இப்படிப் போனால் பதினெட்டு நிமிடத்தில் கேட். அப்படியென்றால் அந்தப் பையன்...

"ஸ்பீட் பிரேக்கர்! ஸ்பீட் பிரேக்கர்!" என்று ஒடுவோர் அலறினான்.

அந்தச் சாலையில் நாற்பத்திரண்டு வேகத்தடைகள். பாதிதான் அரசாங்கம் போட்டது. மீதி, பிள்ளைகள் அடிபட்ட இடத்திலெல்லாம் ஊர்க்காரர்களே மண்ணும் கல்லும் கொட்டி எழுப்பியவை. ஆம்புலன்ஸ் தாண்டிவிடும். இந்த வண்டியோ ஒவ்வொன்றிலும் வயிற்றைத் தேய்த்து முனகியது. கலேக்யே குறுக்கே வளைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, கிழவி மாடிப்படி ஏறுவதுபோலக் கடக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை கழுதை வண்டிக்காரன் ஒருவன் அவர்களை முந்திப்போய், திரும்பிப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தூக்கினான். கேட்டை அடைந்தபோது நாற்பத்துநான்கு நிமிடம்.

ஆம்புலன்ஸைவிட ஆறு நிமிடம் அதிகம்! கலேக்யேக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளத் தெரியாத பிறவி.

"வண்டி தாழ்வா இருக்கு, அதான் லேட்டு. இது கணக்குல சேராது."

"எதோட கணக்கு?" என்றான் ஒடுவோர்.

"அது உனக்கெதுக்கு தம்பி? உசரமா வேற இருக்கா?"

மூன்றாவது வண்டி வெள்ளி நிறம். இரண்டே இருக்கை, துணிக் கூரை. இதற்கு முன் வைத்திருந்தவன் நம் ஊர்ப் புத்திசாலி. ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை கொடுத்து இரண்டு அங்குலம் தூக்கியிருந்தான். ஜப்பானில் இந்த வண்டியைச் செய்தவன் பார்த்திருந்தால் அழுதிருப்பான். பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடக்கும் பெண்மாதிரி நின்றது வண்டி. ஆனால் எந்த வேகத்தடையும் இதை ஒன்றும் செய்ய முடியாது. கலேக்யே குனிந்து கையை விட்டு அளந்து பார்த்தாள். ஆம்புலன்ஸ் உயரம். இனிச் சாக்குச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னிக்கு நர்சய்யா என்கூட வரட்டும்" என்றாள்.

"அப்போ நான்?" என்றான் ஒடுவோர். "வண்டியோட ஓடிட்டா?"

"என் தங்கச்சியை வச்சிக்க."

"அக்கா!"

ஒடுவோர் கதூங்கேயை மேலும் கீழும் பார்த்தான். "அம்மா, அடையாள அட்டையையும் சேத்துக் குடுத்துட்டுப் போங்க. இவங்களை வச்சிக்கிட்டா நஷ்டம் எனக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். பூசைக்குக் கூட்டம் இன்னும் கிளம்பவில்லை. சந்தையில் அந்த லாரி நின்ற இடத்தில் வண்டியை நிறுத்தினாள். முசெம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

அதன்பிறகு கலேக்யே ஓட்டியதை ஓட்டம் என்று சொல்வதா, வெறி என்று சொல்வதா தெரியவில்லை. வேகத்தடைகளில் வண்டி எகிறியது. முசெம்பியின் தலை துணிக் கூரையில் முட்டியது. வளைவுகளில் கற்கள் சிதறின. அவள் தன்னிடமே நேர்மையாக இருந்தாள். ஒரு விநாடியைக்கூடத் தனக்காக ஒளித்துவைக்கவில்லை. முசெம்பி இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த பைபிள் சங்கீதம் எல்லாவற்றையும் முணுமுணுத்தார்.

"பின்னாடி எப்படி இருக்கு?" என்று திடீரென்று கத்தினாள் அவள். பதினேழு வருஷமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்ட கேள்வி, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

முசெம்பியும் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தார். மூக்கு கூரைத் துணியில் இடித்தது.

"பின்னாடின்னு ஒண்ணு இல்லவே இல்ல டிரைவரம்மா. ரோட்டைப் பாரு!"

பாலம் வந்தது. கற்றாழைத் தோட்டம் வந்தது. அவள் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது.

"இப்போ" என்றார் முசெம்பி.

"என்ன இப்போ?"

"இருபத்தொண்ணு."

கலேக்யே காலை எடுத்தாள். வண்டி தானாகத் தளர்ந்து சாலையோரத்தில் நின்றது. கற்றாழைத் தோட்டம் முடிந்து இரண்டாவது கிலோமீட்டர் கல். மச்சாக்கோஸ் பதின்மூன்று என்று எழுதியிருந்தது. தேவாலயமோ ஆஸ்பத்திரியோ ஒரு வீட்டுப் புகையோகூட இல்லை. ஒரு பசு மட்டும் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு இந்த நேரத்துக்கு எங்க இருந்தோம்?" என்றாள்.

"பாலத்துகிட்ட. மூணு கிலோமீட்டர் பின்னாடி. இவ்வளவு பேய் ஓட்டம் ஓட்டியும் மூணுதான் கூட வந்திருக்கோம். அதுவும் இதுல படுக்கை இல்ல, ஆக்சிஜன் இல்ல, அவனும் இல்ல." முசெம்பி குரலைத் தாழ்த்தினார். "அவன் நம்ம வண்டில ஏறும்போதே பாதி போயிட்டான் கலேக்யே. நான்தான பின்னாடி இருந்தேன். உன் முதுகு மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஒரு தடவைகூட அவன் தலை ஆடல. அம்மா மடில படுத்த மாதிரிதான் போனான்."

பதினேழு வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல்முறை.

"நான் கொல்லல" என்றாள் அவள்.

"இல்ல."

"நான் கொல்லல நர்சய்யா."

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். எட்டு மாதமாகக் கட்டிவைத்த அழுகை. நெஞ்சிலிருந்து மூட்டை ஒன்றை யாரோ இறக்கிக்கொண்டுபோனது போலிருந்தது. முசெம்பி வெளியே இறங்கிப் பசுவைப் பார்த்தபடி நின்றார். நல்ல நர்சுக்கு எப்போது அருகில் இருக்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று தெரியும். சற்றுத் தள்ளிக் கூடையோடு நடந்துவந்த ஒருத்தியிடம் நான்கு மண்டாசி வாங்கிவந்தார். இன்னும் சூடு போகவில்லை. அந்த எண்ணெய்ப் பலகாரத்தை இருவரும் பானட்டில் சாய்ந்துகொண்டு தின்றார்கள். அவளுக்குத் தாங்க முடியாத பசி.

"அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"என்னன்னு?"

யோசித்துப் பார்த்தாள். "அவன் குலுங்கலன்னு."

"அதைச் சொல்லலாம்" என்றார் முசெம்பி.

அவர்கள் திரும்பி வந்து சேர ஒன்பது மணியாகிவிட்டது. வழியில் பூசைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் கலேக்யே நின்று வழிவிட்டாள். ஒடுவோர் வாசலிலேயே காத்திருந்தான். கண்ணாடியைக் கழற்றியிருந்தான். முகம் வாடிப்போயிருந்தது. மூன்று மணிநேரம் கதூங்கேயோடு தனியாக இருந்தவன் வேறு எப்படி இருப்பான்? கூர்மூக்குச் சப்பாத்து அணிந்தால் முழங்கால் போய்விடும் என்பதில் தொடங்கி, அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கான காரணம்வரை அவள் விளக்கி முடித்திருந்தாள்.

"மூணு மணிநேரம் அம்மா! எப்படி வண்டி? எடுத்துக்கிறீங்களா?"

"எடுத்துக்கிறேன்."

ஒடுவோர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். கதூங்கே பெருமூச்சு விட்டாள். "பூட்டு, கியர், பிரேக் எல்லாம் பாத்தியா அக்கா? தானமா வர்ற மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. நீ காசு குடுத்து வாங்குற."

கலேக்யே திரும்பி வண்டியைப் பார்த்தாள். பிரேக் எப்படி, கியர் எப்படி? அவளுக்கு நினைவே இல்லை. கதவின் நிறமே இப்போதுதான் கண்ணில் பட்டது.

"ஒடுவோர், சாவி என்கிட்டயே இருக்கட்டும். இன்னொரு தரம் ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

"மறுபடியுமா? மூணு வாரமா ஓட்டிக்கிட்டே இருக்கீங்களே அம்மா!"

"இல்ல தம்பி," என்றாள் கலேக்யே, துணிக் கூரையின் கொக்கியைக் கழற்றியபடி. "வண்டியை நான் இன்னும் ஓட்டியே பாக்கல."